வீ, மூவ், கினெக்ட், ஸ்விட்ச்: 10க்கு 12 அடி ஹாலுக்கு எது பொருந்தும்?

கேள்வி இது: ஹால் 10 அடிக்கு 12 அடி. வீட்டில் 7, 11 வயதுப் பிள்ளைகள் இருவர், முழங்கால் வலியுள்ள பாட்டி ஒருவர். உடம்பை அசைத்து விளையாடும் கன்சோல் வேண்டும். செகண்ட் ஹேண்டில் நின்டெண்டோ வீ, பிளேஸ்டேஷன் 3 உடன் மூவ் (கையில் பிடிக்கும் ஒளிரும் கன்ட்ரோலர்), எக்ஸ்பாக்ஸ் 360 உடன் கினெக்ட் (உடம்பையே பார்க்கும் கேமரா) மூன்றும் கிடைக்கின்றன. இல்லையென்றால் கூடுதல் பணம் போட்டு நின்டெண்டோ ஸ்விட்ச் வாங்கலாமா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் இடம் கொடுத்தால் ஸ்விட்ச். கொடுக்காவிட்டால் மோஷன் பிளஸ் (சுழற்சியை அளக்கும் பாகம்) உள்ள ரிமோட்டுகளோடு வீ. நடனம்தான் முக்கியம், சோபாவை நகர்த்தவும் தயார் என்றால் மட்டும் கினெக்ட். பிளேஸ்டேஷன் 3 ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மூவ். அதற்காகவே புதிதாக பி.எஸ்.3 தேடிப் போக வேண்டாம்.

ஏன் இப்படி என்பது, இந்த நான்கும் எதை அளக்கின்றன என்று பார்த்தால் புரியும். எல்லாவற்றுக்கும் "மோஷன் கன்ட்ரோல்" என்றே பெயர், ஆனால் அளக்கும் பொருள் வேறு. ஒன்று கையின் வேகத்தை அளக்கிறது, ஒன்று கை இருக்கும் இடத்தை, இன்னொன்று முழு உடம்பின் வடிவத்தை. உங்கள் அறை எதைக் கெடுக்கும், எதைக் கெடுக்காது என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2006 நவம்பரில் வந்த வீயின் ரிமோட்டுக்குள் இருப்பது முடுக்கமானி. நிலையாகப் பிடித்தால் புவியீர்ப்பை வைத்துச் சாய்வைச் சொல்லும். வீசினால் எவ்வளவு வேகமாக வீசினீர்கள் என்று சொல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்போது எது சாய்வு, எது வீச்சு என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. செங்குத்து அச்சைச் சுற்றி இடம் வலமாகத் திருப்பினால் அதற்குத் தெரியவே தெரியாது. முதல் வீ ஸ்போர்ட்ஸில் சோபாவில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டைச் சுண்டினாலே டென்னிஸ் பந்து பறப்பது இதனால்தான். 11 வயதுப் பிள்ளை இந்த வழியை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடும். பாட்டிக்கோ அதே குணம் வரப்பிரசாதம்: நாற்காலியில் உட்கார்ந்தபடியே பவுலிங் போடலாம்.

2009இல் வந்த மோஷன் பிளஸ் இந்தக் குறையைத் தீர்த்தது. ரிமோட்டின் அடியில் செருகும் சின்னப் பெட்டி அது. உள்ளே ஜைரோ, அதாவது சுழற்சியை அளக்கும் உணரி. 2010 முதல் ரிமோட்டுக்குள்ளேயே அது சேர்ந்துவிட்டது. ஜைரோ இருந்தால் வாளை எந்தக் கோணத்தில் பிடித்திருக்கிறீர்களோ அதே கோணம் திரையில் வரும். வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட் என்ற விளையாட்டு அது இல்லாமல் ஓடாது. அதனால் வாங்கும்போது ரிமோட்டின் முகப்பில் கீழ்ப்பகுதியில் "வீ மோஷன் பிளஸ் இன்சைட்" என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். போலி ரிமோட்டுகளில் அந்த எழுத்து இருந்து, உள்ளே ஜைரோ இல்லாமலும் இருக்கும். ரிசார்ட் டிஸ்க்கைப் போட்டு வாள்சண்டையை ஒரு நிமிடம் ஆடிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

ஜைரோவுக்கும் ஒரு நோய் உண்டு. சுழலும் வேகத்தைக் கூட்டிக் கூட்டித்தான் அது கோணத்தைக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு முறையும் வரும் சிறு பிழையும் சேர்ந்தே கூடும். சில நிமிடம் ஆடியதும் திரையில் வாள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதாகத் தோன்றினால் ரிமோட் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பொத்தான் பக்கம் கீழே இருக்கும்படி சமதளமான மேசையில் சில விநாடி கவிழ்த்து வையுங்கள், சரியாகிவிடும். கையில் பிடித்துக்கொண்டே "நிலையாகத்தான் வைத்திருக்கிறேன்" என்றால் ஆகாது. கையின் நடுக்கம் ஜைரோவுக்குத் தெரியும்.

வீயில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் பாகம் சென்சார் பார். பெயர்தான் சென்சார், அது எதையும் உணர்வதில்லை. இரண்டு முனையிலும் அகச்சிவப்பு எல்.இ.டி.கள், அவ்வளவுதான். கேமரா இருப்பது ரிமோட்டின் நுனியில். அந்தக் கேமரா இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்த்து, திரையில் எங்கே சுட்டுகிறீர்கள் என்று கணக்கிடுகிறது. வேறு வெப்ப ஒளி அதன் பார்வையில் பட்டால் குழம்பும். டிவிக்குப் பக்கத்தில் பூஜை அலமாரி இருந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தால் திரையில் கைக்குறி துள்ளும், ஏனென்றால் தீபச்சுடரும் அகச்சிவப்பை உமிழ்கிறது. டிவிக்குப் பின்னால் ஜன்னல் இருந்து மாலை வெயில் அடித்தாலும் அதே கதைதான். எல்.இ.டி. பல்புகளால் தொந்தரவு இல்லை. பழைய குண்டு பல்பும் ஹாலஜன் விளக்கும்தான் கெடுக்கும். பார் வேலை செய்கிறதா என்று பார்க்க, போனின் செல்ஃபி கேமராவை அதன் எதிரே காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத எல்.இ.டி.கள் திரையில் ஊதா நிறத்தில் மின்னும். ஒரு பக்கம் மட்டும் மின்னினால் பார் பழுது. ரிமோட்டைக் குறை சொல்ல வேண்டாம். 3 அடி முதல் 8 அடி தூரத்துக்குள் நின்றால் சுட்டுவது நம்பிக்கையாக இருக்கும். உங்கள் ஹாலுக்கு இது போதும்.

பழைய வீ வாங்கும்போது இன்னும் மூன்றைப் பாருங்கள். முதலாவது அடாப்டர்: அமெரிக்காவிலிருந்து வந்த வீயின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானுடையது 100 வோல்ட்டுக்கும் மட்டுமே. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைந்துவிடும். 12 வோல்ட், 3.7 ஆம்பியர் வெளியீடு கொண்ட 220-240 வோல்ட் வீ அடாப்டர் வேண்டும். இரண்டாவது, டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு உண்டு. அமெரிக்க வீயில் ஐரோப்பிய டிஸ்க் ஓடாது. வீயின் ஆன்லைன் கடை 2019 ஜனவரியிலேயே மூடப்பட்டுவிட்டதால் டிஸ்க்தான் கதி, எனவே கன்சோலும் டிஸ்க்கும் ஒரே மண்டலமா என்று பார்த்து வாங்குங்கள். மூன்றாவது ரிமோட்டின் பேட்டரி அறை: இரண்டு ஏ.ஏ. பேட்டரிகளை வருடக்கணக்கில் உள்ளேயே விட்டிருந்தால் கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையோ பச்சையோ படிந்திருக்கும். லேசாக இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவைத்தால் போதும். ஸ்பிரிங்கையே அரித்திருந்தால் அந்த ரிமோட் வேண்டாம்.

அடுத்தது மூவ். 2010 செப்டம்பரில் வந்தது. அளவின் துல்லியத்தில், அந்தத் தலைமுறையில் இதுதான் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. கன்ட்ரோலரின் நுனியில் 44 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒளிரும் உருண்டை. டிவியின் மேலோ கீழோ பிளேஸ்டேஷன் ஐ கேமரா. உருண்டையின் அளவு நிச்சயமாகத் தெரிந்திருப்பதால், கேமராவில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்தே தூரம் கணக்காகிவிடும். உள்ளே முடுக்கமானி, ஜைரோ, காந்தமானி (திசைகாட்டி போன்ற உணரி) மூன்றும் உண்டு. கேமரா கை இருக்கும் இடத்தைச் சொல்ல, உணரிகள் கோணத்தைச் சொல்கின்றன. ஜைரோவின் கணக்கு ஒதுங்கினால் காந்தமானி திருத்துகிறது. கையை முன்னே நீட்டினால் திரையிலும் மட்டை முன்னே போகும். வீயில் இது கிடையாது. டேபிள் டென்னிஸில் பந்துக்குத் துல்லியமாகச் சுழற்சி கொடுக்க வேண்டுமென்றால் மூவ்தான்.

ஆனால் உருண்டை கேமராவின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உடம்பைத் திருப்பி முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனால் ஒரு நொடி உணரிகளை வைத்துச் சமாளிக்கும், பிறகு தொலைத்துவிடும். கேமராவின் லென்ஸைச் சுழற்றினால் இரண்டு நிலை: சிவப்புப் புள்ளியில் 56 டிகிரி, நீலப் புள்ளியில் 75 டிகிரி. மூவ் ஆட நீலத்தில் இருக்க வேண்டும். "பாதி அறைக்கு மேல் போனால் பிடிக்கவில்லை" என்ற புகாரில் பெரும்பாலும் லென்ஸ் சிவப்பில் நின்றிருக்கும். பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் அருகிலோ இரும்புப் பீரோவை ஒட்டியோ நின்று கேலிபிரேட் செய்தால் (அளவைச் சரிப்படுத்தினால்) காந்தமானி ஏமாறும், ஆகவே ஆடப்போகும் இடத்திலேயே நின்று செய்யுங்கள். உருண்டையின் நிறத்தைப் பின்னணிக்கு எடுப்பாகத் தெரியும்படி கன்சோலே தேர்ந்தெடுக்கிறது. பின்னால் சீரியல் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் அதற்குத் திண்டாட்டம்.

செகண்ட் ஹேண்ட் மூவின் உண்மையான பிரச்சினை பேட்டரி. உள்ளே லித்தியம் பேட்டரி. வருடக்கணக்கில் சார்ஜ் செய்யாமல் கிடந்தால் செத்துப்போயிருக்கும். முதல் மாடல்களுக்கு மினி யூ.எஸ்.பி. கேபிள் வேண்டும்; இப்போது வீட்டில் கிடக்கும் எந்தக் கேபிளும் சேராது. பல போன் சார்ஜர்களில் ஏறவும் ஏறாது, கன்சோலை ஆன் செய்து அதன் யூ.எஸ்.பி. துளையில் செருகுங்கள். கடையில் அரை மணி நேரம் சார்ஜ் ஏற்றி, கேபிளைக் கழற்றிய பிறகும் உருண்டை எரிகிறதா என்று பார்த்தே காசு கொடுங்கள். இருவர் ஆட இரண்டு கன்ட்ரோலர். ஒரு கையில் வாள், ஒரு கையில் கேடயம் என்றால் ஒருவருக்கே இரண்டு. செலவு இப்படித்தான் ஏறும். பிளேஸ்டேஷன் 4இல் மூவ் வேலை செய்யும், ஆனால் அதற்கு வேறு கேமரா வேண்டும், விளையாட்டுகளிலும் பெரும்பாலானவை வி.ஆர். ஹெட்செட் கேட்பவை.

கினெக்ட் முற்றிலும் வேறு சாதி. கையில் எதுவும் வேண்டாம். 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த முதல் கினெக்ட், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுவதும் தெளிக்கிறது. அந்தப் புள்ளிக்கோலம் எங்கே எப்படி வளைகிறது என்பதைக் கேமராவில் பார்த்து ஒவ்வொரு இடத்தின் ஆழத்தையும் கணக்கிட்டு, அதிலிருந்து உங்கள் உடம்பின் 20 மூட்டுகளை ஊகிக்கிறது. நடனத்துக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. வீ ரிமோட்டைப் பிடித்து ஆடினால் ஒரு கையைத்தான் அது பார்க்கும். கினெக்டின் டான்ஸ் சென்ட்ரல் என்ற நடன விளையாட்டில் இடுப்பும் காலும் தப்பினால் எந்த உறுப்பு தப்பியது என்றே காட்டும்.

இதன் விலையை அறை கொடுக்க வேண்டும். ஒருவர் ஆட 6 அடி, இருவர் ஆட 8 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. உங்கள் ஹாலில் டிவி ஸ்டாண்டுக்கு ஒன்றரை அடி, சோபாவுக்கு 3 அடி போனால் மிஞ்சுவது ஏழரை. ஒருவருக்குப் போதும், இருவருக்குப் போதாது. இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. கினெக்டின் பார்வை மேலும் கீழுமாக 43 டிகிரிதான். 6 அடி தூரத்தில் அது பார்க்கும் உயரம் ஏறக்குறைய 4 அடி 8 அங்குலம். 7 வயதுப் பிள்ளை முழுதாக அதற்குள் அடங்கும். அப்பா நின்றால் காலோ தலையோ வெட்டுப்படும். 8 அடிக்குப் போனால்தான் 6 அடி உயரத்துக்கு மேல் தெரியும். "பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது, நான் ஆடினால் பிடிக்கவில்லை" என்பதற்குக் காரணம் இந்தக் கோணம்தான், சாதனத்தின் பழுதல்ல. சோபாவைச் சுவரோரம் நிமிர்த்தவோ அடுத்த அறைக்குத் தள்ளவோ முடிந்தால் மட்டுமே இதை யோசியுங்கள்.

உடை இன்னொரு தடை. இரண்டு கால்களும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் கினெக்டால் முழங்காலைக் கண்டுபிடிக்க முடியும். புடவை, வேட்டி, நைட்டி, பாவாடை எல்லாம் அதற்கு ஒரே உருளை. பாட்டி புடவையில் நின்றால் கைகள் சரியாக வரும், கால்கள் தாறுமாறாகத் துடிக்கும். 360இன் விளையாட்டுகள் பெரும்பாலும் நிற்பவரை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. உட்கார்ந்தால் நாற்காலியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும். வெயில் நேராக விழும் ஹாலிலும் பகலில் தடுமாறும், ஏனென்றால் சூரிய ஒளியில் அகச்சிவப்பு அதிகம், புள்ளிக்கோலம் அதில் கரைந்துவிடும். திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். தாமதமும் உண்டு: ஆழப்படம் நொடிக்கு 30தான் வருகிறது, அதாவது 33 மில்லிநொடிக்கு ஒன்று, அதன்மேல் மூட்டுகளைக் கணக்கிடும் நேரம். நடனத்தில் இது தெரியாது. டேபிள் டென்னிஸில் தெரியும்.

வாங்கும்போது: பழைய பெரிய எக்ஸ்பாக்ஸ் 360 என்றால் கினெக்டுக்குத் தனி மின் அடாப்டருடன் கூடிய யூ.எஸ்.பி. கேபிள் வேண்டும். மெலிந்த எஸ் மாடலோடு வந்த கினெக்டில் அந்தக் கேபிள் இருக்காது, ஏனென்றால் அந்தக் கன்சோலின் பின்னால் கினெக்டுக்கென்றே துளை உண்டு. இரண்டையும் வெவ்வேறு ஆளிடம் வாங்கினால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். கினெக்டின் தலையைக் கையால் மேலும் கீழும் சாய்க்காதீர்கள். உள்ளே இருக்கும் மோட்டாரின் பல்சக்கரம் உடையும். கன்சோலை ஆன் செய்யும்போது அதுவாகவே தலையசைக்கிறதா என்று பாருங்கள். 360இன் ஆன்லைன் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. ஆகவே டிஸ்க்குகளோடு சேர்த்தே பேரம் பேசுங்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 2013இல் வந்த இரண்டாம் கினெக்ட் அகலமாகப் பார்க்கும், நாலரை அடியிலேயே பிடிக்கும், சின்ன அறைக்கு ஏற்றது. ஆனால் விளையாட்டுகள் குறைவு. பிந்தைய ஒன் எஸ், ஒன் எக்ஸ் கன்சோல்களில் மாட்ட வேண்டிய அடாப்டரின் தயாரிப்பு நின்றுவிட்டது. இப்போதைய எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களில் எந்தக் கினெக்டும் ஓடாது.

இனி ஸ்விட்ச். 2017 மார்ச்சில் வந்தது. அதன் பக்கங்களிலிருந்து கழற்றும் சிறு கன்ட்ரோலர் ஜாய்-கான்; ஒவ்வொன்றிலும் முடுக்கமானியும் ஜைரோவும் உண்டு. டிவிமேல் கேமரா கிடையாது, சென்சார் பார் கிடையாது. விளக்கு எரியலாம், வெயில் அடிக்கலாம், புடவை கட்டலாம், பாட்டி உட்காரலாம்; எதுவும் கெடுக்காது. உங்கள் ஹாலுக்கு இதைச் சொல்வதற்கு முழுக் காரணமும் இதுவே. கேமரா இல்லாததால் கை இருக்கும் இடம் அதற்குத் தெரியாது என்பது உண்மை, மூவின் துல்லியம் வராது. ஆனால் 2022இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸின் பவுலிங்குக்கும் பேட்மின்டனுக்கும் அந்தக் குறை தெரியாது. பெட்டியில் வரும் ஜாய்-கான் ஜோடியை ஆளுக்கொன்றாகப் பிரித்து இருவர் ஆடலாம்.

வாங்கும்போது ஸ்விட்ச் லைட் வேண்டவே வேண்டாம். அதில் கன்ட்ரோலர் கழறாது, டிவியிலும் இணையாது. சாதாரண மாடல் அல்லது ஓலெட் மாடல் கேளுங்கள். இந்தியாவில் நின்டெண்டோ இதை அதிகாரபூர்வமாக விற்பதில்லை. இறக்குமதிச் சரக்குதான், எனவே வாரன்டி கடைக்காரர் எழுதித் தருவது மட்டுமே. அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் மின்சாரக் கவலை இல்லை. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: உடற்பயிற்சிக்கான ரிங் ஃபிட் அட்வென்ச்சர் ஆட பழைய ஜாய்-கான்களே வேண்டும். புதியவை அந்த விளையாட்டோடு வரும் வளையத்தில் பொருந்தாது, பழையவை புதிய கன்சோலில் மாட்டிச் சார்ஜ் ஆகாது. சார்ஜிங் கிரிப் தனியாக வாங்க வேண்டும். ரிங் ஃபிட்டில் ஓடுவதற்குப் பதில் முழங்காலை மடக்கி ஆடும் சத்தமில்லா முறையும் உண்டு. மாடி வீட்டுக்காரர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

ஜாய்-கான் "டிரிஃப்ட்" என்று கடையில் சொல்வார்கள். அதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். கட்டைவிரல் ஸ்டிக்கைத் தொடாமலே பொம்மை தானாக நடந்தால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது, ஸ்டிக்கை மாற்ற வேண்டும். வீச்சுதான் ஒரு பக்கம் ஒதுங்குகிறது என்றால் அது ஜைரோ. செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் மோஷன் கேலிபிரேஷனைத் தேர்ந்தெடுத்து, ஜாய்-கானைக் கழற்றி மேசையில் படுக்கவைத்துச் செய்தால் தீரும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பி.எஸ்.5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இருந்து, பிள்ளைகளுக்கு நடனம் மட்டும் போதுமென்றால் எதையும் வாங்க வேண்டாம். ஜஸ்ட் டான்ஸின் அண்மைப் பதிப்புகளில் போனையே கையில் பிடித்து ஆடலாம். வி.ஆர். ஹெட்செட்டை உங்கள் வீட்டுக்குச் சொல்லமாட்டேன்: பி.எஸ். வி.ஆர்.2 ஐ 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று சோனியே சொல்கிறது, ஒரு நேரத்தில் ஒருவர்தான் போட்டுக்கொள்ளவும் முடியும்.

எதை வாங்கினாலும் டிவியில் கேம் மோடை ஆன் செய்யுங்கள். படத்தை மெருகேற்றுவதற்காக டிவி எடுத்துக்கொள்ளும் நேரம், கன்ட்ரோலரின் தாமதத்தோடு சேர்ந்துகொள்கிறது. பேட்மின்டனில் எப்போதும் பிந்தியே அடிக்கிறீர்கள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பழைய வீயில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு கேபிள்தான் வரும். புது டிவியில் அந்தத் துளை இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள், இல்லையென்றால் எச்.டி.எம்.ஐ. மாற்றி வேண்டும்.

கைப்பட்டையை மாட்டாமல் பிள்ளைகளிடம் ரிமோட்டைக் கொடுக்காதீர்கள். வீ வந்த அடுத்த மாதமே, பட்டையின் கயிறு அறுந்து ரிமோட்டுகள் பறந்ததால் நின்டெண்டோ 0.6 மில்லிமீட்டர் கயிற்றை 1 மில்லிமீட்டருக்குத் தடிப்பாக்கி மாற்றித் தந்தது; கையில் கிடைப்பது மெல்லிய கயிறு என்றால் புதிது வாங்கிக் கட்டுங்கள். ஜாய்-கான் பட்டையில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும். கூட்டல் பட்டையைக் கூட்டல் உள்ள ஜாய்-கானில்தான் ஏற்ற வேண்டும், மாற்றிச் செருகினால் சிக்கிக்கொண்டு வராது. கடைசியாக மின்விசிறி. வீட்டிலேயே உயரமானவர் ரிமோட்டைப் பிடித்துக் கையை மேலே தூக்கி நிற்கட்டும். விசிறி நின்றிருக்கும்போதே அளந்து பாருங்கள். இறக்கைக்கும் ரிமோட்டுக்கும் இடையே குறைந்தது ஓர் அடியாவது இல்லையென்றால் ஆடும் இடத்தை விசிறிக்கு நேர்கீழிலிருந்து தள்ளி, தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.